நிலம் அங்கேயே, பொழுதுதான் நகர்ந்துவிட்டது: மாறும் காலநிலையில் நிலக்காட்சி ஓவியம்

2022 ஜூலையில் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் காலநிலைப் போராட்டக்காரர்களான இரண்டு இளைஞர்கள், ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் வரைந்த ‘வைக்கோல் வண்டி’ ஓவியத்தின் மேல் வேறொரு படத்தை ஒட்டினார்கள். அந்தப் படத்தில் ஓடை இருந்த இடத்தில் சாலை ஓடியது, வானத்தில் விமானங்கள் பறந்தன, மரங்கள் கருகியிருந்தன. பழைய நிலக்காட்சி ஓவியங்களையும் காலநிலை மாற்றத்தையும் சேர்த்துப் பேசும் செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. பிரெஞ்சு ஓவியர் மோனேயின் மூடுபனி உண்மையில் ஆலைப்புகை என்கிறது ஒன்று. ஆங்கில ஓவியர் டர்னரின் செவ்வானம் எரிமலைத் தூசு என்கிறது இன்னொன்று. 16-ஆம் நூற்றாண்டு பிளெமிய ஓவியர் புரூகல் தீட்டிய பனி ‘சிறு பனியுகத்தின்’ சான்று என்பது மூன்றாவது.

மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூன்றும் வெவ்வேறு விஷயங்கள். புகை என்பது காற்று மாசு. எரிமலைத் தூசு இரண்டு மூன்று ஆண்டுகளில் அடங்கிவிடும். சிறு பனியுகம் தொழிற்புரட்சிக்கு முன்பே தொடங்கிய குளிர்ச்சி. இன்றைய காலநிலை மாற்றமோ மனிதர் வெளியிடும் வாயுக்களால் நிகழும் வெப்பமேற்றம். இவற்றை ஒன்றாகக் குழப்பினால் ஓவியமும் புரியாது, காலநிலையும் புரியாது.

நிலக்காட்சி எதன் படம்?

தமிழில் இதற்குப் பழைய, துல்லியமான விடை ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தை மட்டுமன்று, நிலத்தையும் பொழுதையும் சேர்த்து. முல்லை என்றால் காடு மட்டும் போதாது. கார்காலமும் மாலையும் சேர வேண்டும். அதன் பிறகே பூ, மரம், பறவை, தொழில் முதலான கருப்பொருளும், அங்கே வாழ்பவரின் மனநிலையான உரிப்பொருளும் வருகின்றன.

வெளியில் நின்று வரைபவருக்கு இது தினமும் கண்ணில் படும் உண்மை. அவர் தீட்டுவது குன்றை அல்ல, அந்தக் குன்றின் மேல் அந்த நேரத்தில் விழும் ஒளியை. அதே குன்று காலை ஏழு மணிக்கு ஒரு படம், நண்பகலில் வேறு படம். இட உணர்வு, அதாவது ‘இது என் இடம்’ என்று மனம் அடையாளம் காண்பது, இந்த இணைப்பில்தான் நிற்கிறது. இந்த மாதத்தில் இந்த மரம் பூக்கும், இந்தக் காற்று அடிக்கும், ஆறு இந்த அளவு ஓடும் என்ற எதிர்பார்ப்புகளின் தொகுப்பு அது.

காலநிலை மாற்றம் அடிக்கும் இடமும் இதுவே. நிலம் அப்படியே இருக்க, அதற்குரிய பொழுது விலகுகிறது. ஜப்பானின் கியோத்தோ நகரில் செர்ரி பூக்கும் நாளைப் பற்றிய குறிப்புகள் கி.பி. 812 முதல் கிடைக்கின்றன. 2021-இல் முழுப் பூப்பு மார்ச் 26-ஆம் தேதி வந்தது. 1,200 ஆண்டுப் பதிவில் அதைவிட முந்திய நாள் அதுவரை இல்லை. மரமும் மலையும் ஆறும் இடம் மாறவில்லை. நாட்காட்டியும் பூவும் பிரிந்துவிட்டன.

அளவுகளையும் மனதில் வைக்க வேண்டும். 2011–2020 பத்தாண்டில் புவியின் சராசரி வெப்பநிலை 1850–1900 காலத்தைவிடச் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் அதிகம். 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது. இவற்றைக் கண்ணால் நேராகப் பார்க்க முடியாது. கடற்கரை ஓவியம் ஒன்றில் 20 செ.மீ. என்பது தூரிகையின் ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடும். காலநிலை என்பதே பொதுவாக 30 ஆண்டு வானிலையின் சராசரி. ஓவியமோ ஒரு நாளின் சில மணி நேரம். அப்படியிருந்தும் ஓவியம் எப்படிச் சாட்சியாகிறது?

ஓவியம் நம்பத்தகுந்த சாட்சி சொல்லும் நான்கு இடங்கள்

1. பனியாறுகளின் முனை. சுவிட்சர்லாந்தின் கீழ் கிரின்டல்வால்ட் பனியாற்றைக் காஸ்பர் வோல்ஃப் 1770-களிலும், சாமுவேல் பிர்மான் 1820-களிலும் வரைந்தார்கள். இப்படிக் கிடைத்த நூற்றுக்கணக்கான படங்களை வைத்து அந்தப் பனியாற்றின் நீளம் பல நூற்றாண்டுகளுக்குக் கணக்கிடப்பட்டுள்ளது. இது சாத்தியமானதற்குக் காரணம் எளிது: பனியின் முனை நகர்கிறது, பக்கத்துப் பாறைமுகடு நகர்வதில்லை. அந்த முகடுகளை இன்றும் போய்ப் பார்த்து, பனி எதுவரை வந்தது என்று அளக்கலாம். அந்தப் பனியாறு 1850-களின் நடுவில் 19-ஆம் நூற்றாண்டின் உச்ச நீளத்தை அடைந்து, பிறகு பின்வாங்கியது.

2. கட்டடங்களின் நீர்க்கோடு. வெனிஸ் நகர மாளிகைச் சுவர்களில் வழக்கமான உயர்நீர் எட்டும் மட்டத்தில் பச்சைப்பாசிக் கோடு படியும். வெனிஸ் ஓவியர்களான கானலெட்டோவும் பெலோட்டோவும் 18-ஆம் நூற்றாண்டில் அதைச் செங்கல் வரிசை பிசகாமல் தீட்டினார்கள். அதே சுவர்களில் இன்றைய கோட்டை அளந்தபோது அது சுமார் 60 செ.மீ. மேலே இருந்தது. அந்த 60 செ.மீ. முழுவதும் கடல் உயர்வு ஆகாது. நகரம் நிற்கும் மண்ணும் அமிழ்கிறது, கால்வாய்கள் ஆழமாக்கப்பட்டன, விசைப்படகுகளின் அலையும் சேர்ந்தது.

3. எரிமலைக்குப் பின்வரும் அந்தி. 1883 ஆகஸ்டில் இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலை வெடித்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து லண்டனில் வில்லியம் ஆஸ்கிராஃப்ட் தேம்ஸ் கரையில் நின்று, அந்தி நிறம் மாற மாறச் சில நிமிட இடைவெளியில் பாஸ்டல் வண்ணக்கட்டிகளால் வரைந்தார். 500-க்கும் மேற்பட்ட அந்தப் படங்களில் சில, பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி 1888-இல் வெளியிட்ட அறிக்கையில் அச்சாயின. நேரம் குறித்து, வரிசையாக, அழகுபடுத்தும் அவசரமின்றி வரையப்பட்டதால்தான் அவற்றுக்கு அந்த மதிப்பு. 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, 1500 முதல் 1900 வரையிலான 500-க்கும் அதிகமான அந்தி ஓவியங்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்து, பெரும் வெடிப்புகளுக்கு அடுத்த ஆண்டுகளில் அது கூடுவதைக் காட்டியது.

4. தொலைவின் மங்கல். இதுவே அதிகம் பேசப்படுவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும்.

தொலைவு ஏன் மங்குகிறது

தூரத்து மலை வெளிறித் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. மலையிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கை வழியிலுள்ள காற்று சிதறடித்துவிடுகிறது. அதே காற்று, வேறு பக்கத்திலிருந்து வரும் சூரிய ஒளியை நம் கண்ணை நோக்கிச் சிதறுகிறது. கருமை குறையும், மேலே ஒரு வெண்திரை ஏறும்.

மங்கும் வேகம் சீரானதன்று, அடுக்கடுக்கானது. 10 கி.மீ. தொலைவிலுள்ள குன்றின் தெளிவு பாதியாகக் குறைந்திருந்தால் 20 கி.மீ. குன்றின் தெளிவு கால்பங்கு, 30 கி.மீ. குன்றின் தெளிவு அரைக்கால் பங்கு. பின்னணி வானத்திலிருந்து ஒரு பொருள் சுமார் 2 சதவீதம் மட்டுமே வேறுபட்டால் கண் அதைப் பிரித்தறியாது. அதுவே பார்வைத் தொலைவின் எல்லை. முற்றிலும் தூய காற்றில் இந்த எல்லை சுமார் 300 கி.மீ. வரை போகும். கடும் புகைமூட்டத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் சுருங்கும்.

நிறத்தைத் தீர்மானிப்பது சிதறடிக்கும் துகளின் அளவு. காற்று மூலக்கூறுகள் மிகச் சிறியவை; சிவப்பைவிட நீலத்தை நான்கு மடங்குக்கு மேல் சிதறும். ஆகவே தூய காற்றில் தூரத்துக் கருங்காடு நீலமாகும், ஆனால் விளிம்பு கூராகவே இருக்கும். தூரத்து வெண்பனி இதற்கு நேர்மாறாக மஞ்சள் தோய்ந்து தெரியும், ஏனெனில் அதிலிருந்து வரும் வெள்ளொளியில் நீலம் வழியில் கழிந்துவிடுகிறது. புகையும் ஈரம் குடித்து ஊதிய தூசும் பெரிய துகள்கள். எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறும். நீலம் போய்ச் சாம்பல் வெண்மை வரும், விளிம்புகள் கரையும். மண்தூசு காவியாகவும் காட்டுத்தீப் புகை பழுப்பாகவும் சாயம் ஏற்றும். ஒரு பழைய ஓவியத்தில் தூரத்து மலை எந்த விதத்தில் மங்கியிருக்கிறது என்று பார்த்தாலே காற்றின் தன்மை பற்றி ஓரளவு சொல்லிவிடலாம்.

டர்னர், மோனே இருவரின் சுமார் 100 ஓவியங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான கட்டுரை இந்த இயற்பியலை வைத்தே நடந்தது. லண்டனிலும் பாரிசிலும் கந்தக டையாக்சைடு வெளியேற்றம் கூடக்கூட இவர்களின் ஓவியங்களில் விளிம்புத் தெளிவு குறைந்து வெண்மை ஏறியதை அது காட்டியது. மோனேக்குக் கண்புரை இருந்ததே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் லண்டன் படங்களுக்காக அவர் அங்கே தங்கியது 1899 முதல் 1901 வரை. கண்புரை கண்டறியப்பட்டது 1912-இல். அவருடைய நாடாளுமன்ற ஓவியங்களில் சூரியன் இருக்கும் இடத்தை வைத்து, அவர் நின்ற இடத்தையும் பார்த்த நாட்களையும் 2006-இல் வேறு ஆய்வாளர்கள் கணக்கிட்டு, அவை நேரில் கண்டு தீட்டியவையே என்று காட்டினார்கள்.

ஆனாலும் அந்த மங்கல் காற்று மாசின் பதிவு மட்டுமே. நிலக்கரிப் புகை குறைந்ததும் லண்டன் வானம் தெளிந்தது. புவியின் வெப்பம் அதனால் குறையவில்லை. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது உண்மைதான். அதை வைத்து ‘எதிர்காலத்தில் எங்கும் மூடுபனி’ என்று முடிவு கட்டுவது தவறு. மூடுபனிக்கு வேண்டியது நீராவியின் மொத்த அளவல்ல, காற்று தன் கொள்ளளவை நெருங்குவது.

சாட்சி தடுமாறும் இடங்கள்

முதலாவது, கற்பனைக் கூட்டு. புரூகலின் ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ 1565-இல் தீட்டப்பட்டது. அதற்கு முந்திய குளிர்காலம் கடுமையாகவே இருந்தது. ஆனால் படத்தின் பின்னணியில் நிற்கும் கூர்மலைகள் தட்டையான அவருடைய நாட்டில் கிடையாது. அவர் ஆல்ப்ஸ் வழியாகப் பயணித்தபோது கண்டவை. குளிரின் உணர்வை அது தருகிறது, ஓர் ஊரின் பனி ஆழத்தைத் தராது.

இரண்டாவது, சந்தை. 1970-இல் ஹான்ஸ் நியூபெர்கர் என்ற வானிலையாளர் 41 அருங்காட்சியகங்களில் 12,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களைப் பார்த்து, 16-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மேகமூட்டமும் இருளும் கூடுவதைக் கணக்கெடுத்தார். துணிச்சலான முயற்சி. இருந்தாலும், பனிக்காட்சி நன்றாக விற்றால் ஓவியர்கள் பனிக்காட்சியையே மீண்டும் மீண்டும் வரைவார்கள். வெப்பமான ஆண்டிலும் வரைவார்கள். ரசனையையும் வானிலையையும் வெறும் எண்ணிக்கையால் பிரிக்க முடியாது.

மூன்றாவது, நிறமிகளின் சிதைவு. இதைச் செய்திகள் அநேகமாகச் சொல்வதே இல்லை. ஸ்மால்ட் என்ற கோபால்ட் கண்ணாடித்தூள் நீலம், எண்ணெயில் காலப்போக்கில் சாம்பலாகிவிடும். தெளிந்த வானம் மப்பாகத் தோன்றும். செம்பு கலந்த பச்சைகள் பழுப்பாகும். கோடை மரம் இலையுதிர்கால மரமாகும். குரோம் மஞ்சள் கறுக்கும். செஞ்சாயங்களில் பல வெளுத்துப்போகும். சிவந்த அந்தி வானம் வெறும் மஞ்சளாகும். இவற்றுக்கு மேல் பழைய வார்னிஷ் மஞ்சளேறி எல்லா நீலத்தையும் பச்சைப்பக்கம் தள்ளும். எனவே நிறத்தைக் கொண்டு வாதிடும் எந்தக் கூற்றுக்கும் முன்னால், நிறமி எது, வார்னிஷ் நீக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். வடிவத்தைக் கொண்டு வாதிடுவது, பனியாற்று முனையைப் போலவும் பாசிக்கோட்டைப் போலவும், அதைவிட உறுதியானது.

இருந்த இடத்திலேயே ஊரை இழப்பது

ஆஸ்திரேலியச் சிந்தனையாளர் கிளென் ஆல்பிரெக்ட், நியூ சவுத் வேல்ஸின் ஹன்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களுக்கு நடுவே வாழ்ந்தவர்களின் துயரத்துக்கு 2003-இல் ‘ஸோலாஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். ஊரை விட்டுப் போனவருக்கு வருவது ஊர் ஏக்கம். இது ஊரிலேயே இருந்தும், ஊர் தன்னை விட்டுப் போய்விட்டவருக்கு வருவது.

தமிழ் வாசகருக்கு இது புதிய எண்ணமன்று. முல்லையும் குறிஞ்சியும் தம் முறைமை திரிந்து, நல்லியல்பு இழந்து, நடுங்குதுயர் தந்து பாலை என்ற வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். பாலைக்கென்று தனி நிலம் இல்லை. வேறொரு நிலம் பொழுதால் கெட்டபின் எஞ்சுவது அது. அதன் உரிப்பொருளாகப் பிரிவு வைக்கப்பட்டிருப்பதை இன்று படிக்கும்போது மனம் கனக்கிறது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சிக்கல் மறதி. மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1995-இல் விளக்கியது இது: ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்டதையே இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்கிறது. அளவுகோலே நழுவிக்கொண்டு போவதால் இழப்பின் முழு அளவு யாருக்கும் தெரிவதில்லை. தேதியிட்ட நிலக்காட்சி ஓவியம் இந்த நழுவலைத் தடுக்கும் ஓர் ஆணி.

அதற்குப் புகைப்படம் போதாதா? பெரும்பாலும் போதும், வடிவத்துக்கு அதுவே மேல். நிறத்தில்தான் ஏமாற்றும். 2020 செப்டம்பர் 9 அன்று காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானம் பகலிலேயே செம்மஞ்சளானது. பலருடைய கைபேசிகள் அந்த நிறத்தைப் பிழை என்று கருதித் தாமாகவே சாம்பலாகத் திருத்திவிட்டன. நேரில் நின்று கண் கண்டதைக் கலந்து தீட்டுபவருக்கு அந்தத் தானியங்கித் திருத்தம் இல்லை.

இன்று பதிவாக வரைய விரும்புபவருக்கு

கான்ஸ்டபிள் 1821, 1822-இல் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் தீட்டிய மேகப் படங்களின் பின்பக்கத்தில் தேதி, மணி, காற்றின் திசை எழுதி வைத்தார். இரண்டு நூற்றாண்டு கழித்தும் அவை பயன்படுவதற்கு அந்தச் சில வரிகளே காரணம். அந்த வழக்கத்தை இன்றைய கருவிகளோடு இப்படிச் செய்யலாம்:

1. நிற்கும் இடம். கைபேசியின் ஜி.பி.எஸ். திறந்தவெளியில் சுமார் 5 மீட்டர் பிழையோடு இடம் காட்டும். தூரத்து மலைக்கு அது போதும். ஆனால் 50 மீட்டரிலுள்ள மரத்தை வரையும்போது நீங்கள் 5 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி நின்றால் அது கிட்டத்தட்ட 6 டிகிரி நகர்ந்து தெரியும். எனவே பாறை, பாலத்தூண் போன்ற அசையாத இரண்டு குறிகளிலிருந்து நாடா வைத்து அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து கண்ணின் உயரத்தையும் சேருங்கள்.

2. கோணம். கண்ணிலிருந்து 57 செ.மீ. தொலைவில் பிடித்த அளவுகோலில் 1 செ.மீ. என்பது 1 டிகிரி. அளவுகோலில் 57 செ.மீ. நூல் கட்டி, மறுமுனையைக் கண்ணோரம் வைத்துப் பிடித்தால் தூரம் மாறாது. மலையின் உயரத்தையும் நீர்க்கோட்டின் இடத்தையும் இப்படி அளந்த பிறகே பென்சில் கோடு போடுங்கள். இதைத் தவிர்த்தால் நிச்சயம் வரும் பிழை, மலையை உள்ளதைவிட உயரமாக வரைவது. தேர்ந்த கைகளும் செய்யும் பிழை. 30 செ.மீ. அகலத் தாளில் 40 டிகிரிக்கு மேல் அடக்க முயல வேண்டாம்.

3. நேரம். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகரும். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் அளவில் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். நிழல்களின் விளிம்பை முதல் பத்து நிமிடத்தில் பதித்துவிட்டு, பிறகு அவற்றைத் தொடாதீர்கள்.

4. நிறம் பார்த்தல். சாம்பல் அட்டையில் 5 மி.மீ. துளையிட்டு அதன் வழியாக ஒவ்வொரு நிறத்தையும் தனியே பாருங்கள். ‘புல் பச்சை’ என்று மூளை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் காய்ந்த புல்லையும் பச்சையாகத் தீட்டிவிடுவோம். வறட்சியைப் பதிவு செய்வதில் இதைவிடப் பெரிய தடை இல்லை. குளிர்க்கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். தாள் நிழலில் இருக்கட்டும். வெயில் விழும் தாளில் தீட்டியது அறைக்குள் இருண்டு தெரியும். குடை வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்க வேண்டும், நிறக்குடை தாளில் சாயம் ஏற்றும்.

5. நிறமி. டியூபின் மேல் உள்ள நிறமி எண்ணைப் பார்த்து வாங்குங்கள். அல்ட்ராமரின் (பி.பி. 29), பர்ன்ட் சியன்னா (பி.பி.ஆர். 7), டைட்டானியம் வெள்ளை (பி.டபிள்யூ. 6), மஞ்சள் காவி ஆகியவை நிலையானவை. அசல் அலிசரின் கிரிம்சன் (பி.ஆர். 83) வெளுக்கும், தவிர்த்துவிடுங்கள். தாளின் கீழ் ஓரத்தில் பயன்படுத்திய ஒவ்வொரு நிறத்தையும் கலக்காமல் ஒரு சதுரம் தீட்டி, அதில் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி வையுங்கள். பிற்காலத்தில் படம் வெளுத்ததா, வானம் வெளுத்ததா என்ற சந்தேகத்தை அந்த மூடிய பாதி தீர்க்கும்.

6. பின்பக்கக் குறிப்பு. தேதி, தொடங்கிய மணி, முடித்த மணி, திசை (காந்த வடக்கிலிருந்து), வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, முந்திய வாரத்து மழை, தூரம் தெரிந்த அடையாளங்களில் எதுவரை தெளிவாகத் தெரிந்தது. கடைசியாகச் சொன்னதே தொலைவு மங்கலை எண்ணாக மாற்றும்.

பருவநிலையே வேலையைக் கெடுக்கவும் செய்யும். கடும் வெயிலில் நீர்வண்ணம் தாளில் பரவுமுன் காய்ந்து முரட்டு விளிம்பு விடும். தாளின் பின்புறத்தையும் நனைத்துத் தட்டில் ஒட்டினால் சமாளிக்கலாம். சுமார் 10 டிகிரிக்குக் கீழே அக்ரிலிக் ஒழுங்காகப் படலம் கட்டாது, பிறகு உதிரும். காட்டுத்தீப் புகையில் என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. அத்தகைய நாளில் சன்னலுக்குள்ளிருந்து பத்து நிமிட நிறக்குறிப்பு எடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இரண்டு அடுக்குகள்

ஒரே இடத்தை ஆண்டுதோறும் வரைபவர் பொதுவாக ஒரே தேதியில் வரைவார். அது பாதி வேலை. இரண்டு வரிசைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது: ஒன்று நாட்காட்டிப்படி, ஒவ்வோர் ஆண்டும் அதே நாள், அதே சூரிய உயரம். மற்றொன்று நிகழ்வுப்படி, அந்த மரத்தின் முதல் பூ, ஓடையில் முதல் நீர், மலையில் கடைசிப் பனித்திட்டு என்று வரும் நாளில், அதே மணிக்கு. முதல் வரிசையில் ஒளி மாறாது, நிலம் மாறும். இரண்டாவதில் நிலம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், நிழல்களின் நீளமும் திசையும் மாறும்.

ஒப்பிடும்போது கேட்க வேண்டியவை: மரம் போனது வெட்டியதாலா, வறண்டதாலா? மங்கல் புகையா, ஈரமா? நீர் குறைந்தது மழையாலா, மேலே அணை கட்டியதாலா? இரண்டு ஆண்டுப் படங்களின் வேறுபாடு வெறும் வானிலை. அதைக் காலநிலை என்று சொல்லிவிடக் கூடாது. வரிசை முப்பது ஆண்டை நெருங்கும்போது, முதல் பூ மலரும் நாளில் வரைந்த தாள்களை மட்டும் தேதி பார்க்காமல் மேசையில் பரப்பிப் பாருங்கள். பூ பூக்கும் பருவம் நகர்ந்திருந்தால் பக்கத்துப் பாறை போன்ற வளராத ஒன்றின் நிழல் தாளுக்குத் தாள் நீண்டோ குறுகியோ இருக்கும். அந்த நீளத்தை அளவுகோலால் அளக்கலாம்.